நாலு ஊசி போட்டும் சினை நிற்கவில்லையே, டாக்டரம்மா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: மாடு சினை பிடிக்கவில்லை. பெங்களூரில் மாடா என்று கேட்பவர்கள் விடிகாலையில் வர்த்தூர், ஆனேக்கல், ஹெசரகட்டா பக்கம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்பக்கமே தகரக் கொட்டகையில் நாலைந்து கறவை மாடுகள் நிற்கும். அங்கே சாணி அள்ளிப் பால் கறக்கிற பெண்களில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேர். நானும் தருமபுரிதான். வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, மாடுகளின் இனப்பெருக்க ஆராய்ச்சி என்று பெங்களூருக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டேன். அதனால் மாட்டுக்காரர்களின் கடிதத்துக்கு முதலிடம். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

“எங்களிடம் இருப்பது ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு மாடு. இரண்டாவது ஈத்து முடிந்து ஆறு மாதம் ஆகிறது. நாலு தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டாச்சு, நிற்கவில்லை. ஏரிக்கரைப் புல், தவிடு, இரண்டு வாளி பீர் வேஸ்ட் வைக்கிறேன். ஹார்மோன் ஊசி கோர்ஸ் போடலாம் என்கிறார்கள். பக்கத்து வீட்டில் விற்றுவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?” (ஒரு வாசகி, வர்த்தூர்)

விற்காதீர்கள் அம்மா. இரண்டு ஈத்து நல்லபடியாக ஈன்ற மாடு மலடு ஆகியிருக்க வாய்ப்பு குறைவு. மருந்தைப் பற்றி யோசிக்கும் முன்னால் தீவனத்தொட்டியையும் மாட்டின் முதுகையும் பார்க்க வேண்டும்.

கன்று போட்ட மாட்டுக்குப் பால் ஆறு, எட்டு வாரத்துக்குள் உச்சத்துக்கு ஏறிவிடும். ஆனால் தின்னும் அளவு அந்த வேகத்தில் ஏறாது. பற்றாக்குறையை மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டும். உடம்பில் சத்து இறங்குகிறது என்ற செய்தி ரத்தச் சர்க்கரை, இன்சுலின் வழியாக மூளைக்குப் போகும். மூளை உடனே கருமுட்டையை முதிரவைக்கும் ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். வயிற்றில் ஒரு கன்றைச் சுமக்க இப்போது தெம்பில்லை என்று உடம்பு முடிவெடுக்கிறது. அந்த நேரத்தில் எவ்வளவு விலையுயர்ந்த விந்து போட்டாலும் பிடிக்காது. வால் அடியில் கை வைத்துப் பாருங்கள். இருபுறமும் குழி விழுந்து, இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டு, விலா எண்ண முடிகிறது என்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது நீங்கள் வைக்கிற தீவனம். பீர் வேஸ்ட், அதாவது பீர் ஆலையில் மிஞ்சும் தானியச் சக்கை, கெட்டது என்று சொல்லமாட்டேன், அதில் புரதம் நிறைய. கழிவுநீரில் தளதளவென்று வளர்கிற ஏரிப் புல்லிலும் நைட்ரஜன் அதிகம். இரண்டும் சேர்ந்தால் புரதம் மட்டும் கூடுகிறது, அதைச் செரித்துப் பயன்படுத்த மாவுச்சத்து போதவில்லை. மிச்சமாகும் நைட்ரஜன் யூரியாவாக ரத்தத்திலும் பாலிலும் ஏறும், கருப்பைக்குள்ளும் போகும். அங்கே ஒரு வாரக் கருவுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. பால் யூரியா ரொம்ப ஏறின மாடுகளில் சினை பிடிப்பது குறைகிறது என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஆகவே பீர் வேஸ்ட்டைப் பாதியாகக் குறையுங்கள். மக்காச்சோள மாவோ ராகி மாவோ சேருங்கள். உலர்தீவனமாக ராகித் தாள் போடுங்கள், நம் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை. தாது உப்புக் கலவை தினம் 50 கிராம், ஒருநாளும் விடாமல். ஆடுகோடியில் இருக்கிற தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம் 1995-இல் தொடங்கியது. எந்த ஊர் மண்ணில், தீவனத்தில் எந்தத் தாது குறைகிறது என்று பார்த்து அந்தந்தப் பகுதிக்கென்றே கலவை தயாரிக்கச் சொன்னவர்கள் அவர்கள். கடையில் வாங்கும்போது உங்கள் பகுதிக்கான கலவை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, இனி நேரம். நாலு ஊசியும் எந்த நேரத்தில் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான். மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், 18 முதல் 24 நாள் வரை முன்னே பின்னே இருக்கும். பருவம் இருப்பது 12 முதல் 18 மணி நேரம். வெயில் காலத்தில் இன்னும் குறையும். சினைமுட்டை வெளியே வருவது பருவம் அடங்கி ஏறக்குறைய 10, 12 மணி நேரம் கழித்து. வந்த முட்டை அதிகநேரம் உயிரோடு இருக்காது. விந்தணுவோ உள்ளே போய்ச் சில மணி நேரம் பக்குவப்பட்ட பிறகுதான் முட்டையைத் துளைக்கும். அதனால் முட்டைக்கு முன்னாலேயே விந்து போய்க் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் என்பவர் மாடுகளை மணிக்கணக்காகக் கவனித்து 1948-இல் வெளியிட்ட முடிவு இது. காலையில் பருவம் கண்டால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை ஊசி என்று நாம் இன்றும் சொல்கிற விதி அங்கிருந்து வந்தது.

விதி சுலபம். பருவத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று புத்தகம் சொல்லும். உங்கள் கொட்டகையில் மாடு கயிற்றில் நிற்கிறது, அது எங்கே ஏறும்? மேலும் பருவ அறிகுறிகள் பெரும்பாலும் ராத்திரியிலும் விடியலிலும்தான் தெரியும். படுக்கப் போகும் முன்னால் ஒருதரம் டார்ச் அடித்துப் பாருங்கள். காலையில் சாணி அள்ளுவதற்கு முன்னால் மாடு படுத்திருந்த இடத்தைப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு போல ஒழுக்கு தரையில் இருக்கும், அல்லது வாலில் காய்ந்து ஒட்டியிருக்கும். சாணி அள்ளிவிட்டால் அந்தத் தடயம் போச்சு. பால் ஒரு லிட்டர் குறைவது, அடிக்கடி கத்துவது, கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடுவது இவையெல்லாம் கூடச் சேர்ந்து வரும். ஒழுக்கில் வெள்ளைத் திப்பியோ சீழோ இருந்தால் அந்தத் தடவை ஊசி வேண்டாம். கருப்பையில் புண் இருக்கிறது என்று அர்த்தம், டாக்டர் பார்த்து அதைக் குணமாக்கட்டும்.

இன்னொன்று, இதை எல்லாருமே செய்யுங்கள்: நாள்காட்டித் தாளில் ஊசி போட்ட தேதியையும் மறுபடி பருவத்துக்கு வந்த தேதியையும் குறித்துவையுங்கள். சரியாக 21 நாளில் திரும்பினால் கரு உண்டாகவே இல்லை, அல்லது இரண்டு வாரத்துக்குள் போய்விட்டது. மாட்டின் கரு 16-ஆம் நாள் வாக்கில் ஒரு புரதத்தைச் சுரந்து ‘நான் இருக்கிறேன்’ என்று தாய்க்குத் தெரிவிக்கும். அந்தச் சமிக்ஞை பலமாக இல்லாவிட்டால் உடம்பு அடுத்த பருவத்துக்குத் தயாராகிவிடும். முப்பது, முப்பத்தைந்து நாள் கழித்துத் திரும்பினால் கரு உண்டாகி அந்தச் சமிக்ஞைக்குப் பிறகு கலைந்திருக்கலாம், அல்லது நடுவில் ஒரு பருவத்தை நாம் கவனிக்காமல் விட்டிருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தேதி எழுதிய அந்தக் காகிதம் பல ஸ்கேன்களை விட எனக்கு உபயோகம்.

ஊசி போட வருபவரிடமும் பணிவாக ஒன்று கேளுங்கள். விந்துக்குச்சியை (விந்து அடைத்த மெல்லிய குழாயை) மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைத்திருப்பார்கள். எடுத்தவுடன் 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி போட வேண்டும். அவசரத்தில் சட்டைப் பையில் வைத்தோ உள்ளங்கையில் உருட்டியோ உருக்குபவர்கள் உண்டு. ஒரு குச்சியில் ஏறக்குறைய இரண்டு கோடி விந்தணு இருந்தாலும் இப்படிச் செய்தால் உயிரோடு போய்ச் சேர்வது கொஞ்சம்தான். நீங்களே ஒரு பாத்திரத்தில் இளஞ்சூடான தண்ணீரும் ஒரு தெர்மாமீட்டரும் எடுத்துவைத்தால் யாரும் மறுக்கப் போவதில்லை.

ஹார்மோன் கோர்ஸை நான் எதிர்ப்பவள் இல்லை. மூன்று ஊசி போட்டு, பருவம் பார்க்காமலே குறித்த நேரத்தில் கருவூட்டும் முறையை அமெரிக்காவில் விஸ்கான்சினில் 1995-இல் கொண்டுவந்தார்கள். பெரிய பண்ணைகளுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் எலும்பும் தோலுமாய் நிற்கிற மாட்டுக்கு அதைப் போட்டால் பணம்தான் போகும். இரண்டு மாதம் தீவனத்தைத் திருத்துங்கள், அப்புறம் டாக்டர் கையால் சினைப்பையைப் பரிசோதித்துச் சொன்னால் போடுங்கள்.

“ஊசி போட்ட மறுநாளுக்கு மறுநாள் மாட்டுக்கு ரத்தம் பட்டது. சினை கலைந்துவிட்டதா?” (ஒரு வாசகர், பிடதி)

இல்லை. பருவம் முடிந்ததும் ஈஸ்ட்ரஜன் இறங்கும், கருப்பை உட்சுவரின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கொஞ்சம் கசியும். கிடேரிகளில் இது ரொம்ப சகஜம். சினை பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு பிரயோஜனம் உண்டு: பருவத்தையே பார்க்கத் தவறியவர்கள் இந்த ரத்தத்தைப் பார்த்தால், இரண்டு நாள் முன்னால் பருவம் வந்துபோயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அன்றிலிருந்து 18, 19 நாள் தள்ளி உஷாராக இருங்கள்.

“எங்கள் பசு இரட்டைக் கன்று போட்டது. ஒன்று காளை, ஒன்று கிடேரி. அந்தக் கிடேரி சினையே பிடிக்காது என்று பாட்டி சொல்கிறார். மூடநம்பிக்கைதானே?” (ஒரு வாசகர், ஒசூர்)

பாட்டி சொன்னது சரி தம்பி. காளையோடு கூடப் பிறந்த கிடேரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடுதான். மாட்டுக்காரர்கள் பல தலைமுறையாகப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்த இதற்கு விஞ்ஞானத்தில் காரணம் சொன்னவர் சிகாகோவின் ஃபிராங்க் லில்லி, 1917-இல். வயிற்றுக்குள் இரண்டு கன்றின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் ஆரம்பத்திலேயே இணைந்துவிடுகின்றன. காளைக் கன்றின் விதைகள் முன்னதாகவே வளர்ந்து ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கும். அந்த ரத்தம் கிடேரிக்கும் போகும். காளையின் உடம்பில் கருப்பை உண்டாகாமல் தடுக்கிற வேலையைச் செய்யும் ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோன், கிடேரியின் உடம்பிலும் அதே வேலையைச் செய்துவிடுகிறது. ஹார்மோன் ரத்தத்தில் பயணம் செய்து இன்னொரு உயிரின் உறுப்பை மாற்றும் என்பதை உலகத்துக்குக் காட்டிய ஆரம்பகால சாட்சிகளில் இந்தக் கிடேரிகளும் உண்டு.

மீதிப் பத்துக்குள் உங்கள் கன்று இருக்கலாம் இல்லையா, அதைப் பார்த்துவிடுங்கள். பிறந்த சில வாரத்தில் டாக்டர் ஒரு சோதனைக்குழாயில் எண்ணெய் தடவிப் பிறப்புவழியில் மெதுவாக விட்டுப் பார்ப்பார். சாதாரணக் கன்றில் 12 சென்டிமீட்டருக்கு மேல் போகும், மலட்டுக் கன்றில் அதில் பாதியிலேயே நின்றுவிடும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஒய் குரோமோசோம் தேடலாம். இரண்டு வருஷம் தீனி போட்டு வளர்த்துவிட்டு ஏமாறுவதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். வெள்ளாட்டில் கிடாவும் பெட்டையும் சேர்ந்து பிறப்பது சர்வசாதாரணம், நஞ்சுக்கொடிகள் பெரும்பாலும் இணைவதில்லை, குட்டிகள் நன்றாகவே ஈனும். ஆட்டில் வேறொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கொம்பில்லாத கிடாவைக் கொம்பில்லாத பெட்டையோடு சேர்த்தால், பிறக்கிற பெட்டைக் குட்டிகளில் சில ஆணும் பெண்ணுமாய்க் கலந்த உடலோடு மலடாகப் பிறக்கும். கொம்பு வராமல் செய்கிற அதே குறை, அதாவது டி.என்.ஏ.வில் ஒரு துண்டு விடுபட்டிருப்பது, பாலின வளர்ச்சியையும் குலைக்கிறது என்று 2001-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும்.

“கிடேரி மட்டுமே பிறக்கும் ஊசி வந்திருக்கிறதாமே, நம்பலாமா? நாலு முறை நிற்காத மாட்டுக்கும் போடலாமா?” (ஒரு வாசகி, ஆனேக்கல்)

நம்பலாம். பத்துக்கு ஒன்பது கிடேரியாகப் பிறக்கும். கிடேரி தரும் எக்ஸ் விந்தணுவில், காளை தரும் ஒய் விந்தணுவை விட ஏறக்குறைய 4 சதவீதம் டி.என்.ஏ. அதிகம். அந்த டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு ஒளிரும் ஒரு சாயத்தை ஏற்றி, விந்தணுக்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஓடவிடுவார்கள். கூடுதலாக ஒளிர்கிறது எதுவோ அது எக்ஸ். அது இருக்கிற துளிக்கு மின்னூட்டம் கொடுத்துத் தனியாகத் திருப்பிவிடுவார்கள். அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் லாரன்ஸ் ஜான்சன் 1989-இல் இந்த முறையில் முதலில் முயல் குட்டிகளைப் பிறக்கவைத்தார். நம் நாட்டிலேயே உருவாக்கிய பிரிப்புத் தொழில்நுட்பம் 2024 அக்டோபரில் அறிமுகமாகியிருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், வேண்டாம். இவ்வளவு சோதனைக்கு உள்ளாகி வருகிற விந்தணு கொஞ்சம் களைத்திருக்கும், ஒரு குச்சியில் போடும் எண்ணிக்கையும் வழக்கமானதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் சினை பிடிக்கும் வீதம் சாதாரண ஊசியை விடக் குறைவு. நல்ல உடம்போடு, பருவம் தெளிவாகக் காட்டுகிற கிடேரிக்கு முதல், இரண்டாவது தடவைக்குள் போடுங்கள். ஏற்கெனவே நிற்காமல் திரும்புகிற மாட்டுக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்தத் தொழில்நுட்பத்தை நான் மனதார வரவேற்கக் காரணம் பால் மட்டும் இல்லை. நம் நகரத்து ஓரங்களில் கலப்புக் காளைக் கன்றுகள் படுகிற பாடு எனக்குத் தாங்காது. உழவும் இல்லை, வண்டியும் இல்லை. பிறந்த நாலாம் நாளே தெருவில் விடப்பட்டு, குப்பைத்தொட்டி ஓரம் நிற்கிற கன்றுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கன்று பிறக்காமலே இருப்பது அதற்கு நாம் செய்கிற நல்லது.

“எங்கள் மொட்டை மாடியில் ஒரு கோழி வளர்க்கிறோம். சேவல் இல்லாமலே முட்டை போடுகிறது. அடைவைத்தால் குஞ்சு வருமா?” (ஆறாம் வகுப்பு மாணவி, அல்சூர்)

வராது கண்ணு. முட்டையிட கோழிக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. உன் கோழி சமீபத்தில் சேவலோடு இருந்த இடத்திலிருந்து வாங்கியதென்றால் மட்டும் விஷயம் வேறு. கோழியின் கருக்குழாயில் விந்தணுவைச் சேமிக்கிற நுண்ணிய பைகள் இருக்கின்றன. இரண்டு வாரம் வரைகூட அவை உயிரோடு இருந்து, தினம் ஒரு முட்டையைக் கருவுறச் செய்யும். இன்னொரு விஷயம்: கோழிக்கு வேலை செய்கிற சினைப்பை ஒன்றே ஒன்றுதான், இடது பக்கம்.

“தெருநாய்களைப் பிடித்து அறுவைசிகிச்சை செய்வதற்குப் பதிலாக ஒரே ஊசியில் கருத்தடை செய்ய முடியாதா? குரங்குகளுக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.” (ஒரு வாசகர், ஃபிரேசர் டவுன்)

இந்தக் கேள்வி பெங்களூரிலேயே பல வருஷம் ஆராயப்பட்ட கேள்வி. இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் என்.ஆர். மௌட்கல் குழுவினர், விந்து உற்பத்திக்குத் தேவையான எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனைச் செம்மறியாட்டிலிருந்து எடுத்துத் தடுப்பூசியாக ஆண் குரங்குகளுக்குப் போட்டார்கள். நம் ஊர்க் கோயில்களில் தேங்காய் பிடுங்குகிற அதே இனம். குரங்கின் உடம்பு அந்த ஹார்மோனுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியது, அது குரங்கின் சொந்த எஃப்.எஸ்.ஹெச்.சையும் மடக்கியது. விந்து குறைந்து குட்டி உண்டாகவில்லை, ஆனால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை, நடத்தையும் மாறவில்லை. எதிர்ப்பொருள் அடங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. அருமையான ஆராய்ச்சி. ஆனால் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டும். மரத்துக்கு மரம் தாவுகிற குரங்கைத் தேடிப் பிடித்து மறுபடி மறுபடி யார் போடுவது? கூண்டுக்குள் வெற்றியான பல முறைகள் தெருவுக்கு வராமல் நிற்பது இந்த இடத்தில்தான்.

ஒரே ஊசி என்ற கனவுக்கு இப்போது கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. மேலே கிடேரிக் கன்று விஷயத்தில் சொன்னேனே ஏ.எம்.ஹெச்., அதே ஹார்மோன்தான். அதைச் சுரக்கவைக்கிற மரபணுவைத் தீங்கில்லாத ஒரு வைரஸில் ஏற்றி, பெண் பூனைகளின் தசையில் ஒரேமுறை போட்டார்கள். ஊசி போட்ட ஆறு பூனைகளில் ஒன்றுகூடக் குட்டி போடவில்லை, ஊசி போடாத மூன்றும் போட்டன. அமெரிக்காவில் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையும் சேர்ந்து 2023-இல் வெளியிட்டது. ஆறு பூனைதான் என்பதை மறக்க வேண்டாம். நாய்க்கு வந்து, விலை இறங்கி, தெருவுக்கு வர வெகுகாலம் ஆகும்.

அதுவரை அறுவைசிகிச்சைதான், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. நம் நாட்டில் 2001 விதிகளுக்குப் பதிலாக 2023-இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. பெண் நாய்க்குச் சினைப்பையையும் கருப்பையையும் எடுத்துவிடுவதால் அதற்கே ஒரு நன்மை உண்டு: வயதான பிறகு கருப்பையில் சீழ் பிடித்துச் சாகிற நோய் வராது. பெண் நாய் பெரும்பாலும் வருஷத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும், 63 நாளில் குட்டி போடும். கருத்தடை செய்த நாய்க்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டிவிடுவார்கள். உங்கள் தெருவில் காது நுனி வெட்டப்படாத பெண் நாய் ஒன்று இருந்தாலும் உடனே மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். பத்து ஆண் நாய்க்குச் செய்துவிட்டு அந்த ஒன்றை விட்டால் கணக்கு மாறாது.

“பிளஸ் டூ படிக்கிறேன். எங்கள் வீட்டில் மாடு கிடையாது. ஆனால் சோதனைக்கூடத்தில் கரு வளர்ப்பதைப் பற்றிப் படித்ததிலிருந்து அந்த ஆசையாகவே இருக்கிறது. உள்ளே என்னதான் நடக்கும்?” (ஒரு மாணவர், யஷ்வந்த்பூர்)

உன் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

வேலை ஆரம்பிப்பது இறைச்சிக்கூடத்தில். அங்கே வெட்டப்பட்ட எருமை, மாடுகளின் சினைப்பைகளை உடனே வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டு, ஃபிளாஸ்க்கில் அடைத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். சினைப்பை மூன்று, நாலு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரியும். இரண்டு முதல் எட்டு மில்லிமீட்டர் வரை உள்ளவற்றில் ஊசியைக் குத்தி மெதுவாக உறிஞ்ச வேண்டும். வேகமாக இழுத்தால் முட்டையைச் சுற்றியிருக்கிற செல்கள் உரிந்துவிடும், உரிந்த முட்டை தேறாது. உறிஞ்சிய நீரைத் தட்டில் ஊற்றி நுண்ணோக்கியில் தேடினால், அரைகுறை இருட்டில் வட்டமாய், சுற்றிலும் செல் அடுக்குகளோடு ஒரு சினைமுட்டை. ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் அதன் குறுக்களவு. முதல்முறை பார்க்கும்போது யாருமே கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

அதை 38.5 டிகிரி சூட்டில், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு இருக்கும் பெட்டியில் ஒரு நாள் வைத்தால் சுற்றியுள்ள செல்கள் விரிந்து பரவும். முட்டை முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கழுவித் தயாரித்த விந்தணுவோடு சேர்ப்பார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், ஏழாம், எட்டாம் நாளில் உள்ளே நீர் கோத்த ஒரு பந்தாக நிற்கும். பத்து முட்டையில் மூன்று, நாலு அந்த நிலைக்கு வந்தால் நல்ல நாள். எருமையில் இன்னும் குறைவு. அந்தப் பந்தைத்தான் வேறொரு தாயின் கருப்பையில் வைக்கிறார்கள். உலகத்திலேயே இப்படிப் பிறந்த முதல் எருமைக் கன்று நம் நாட்டில்தான், கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில், 1990-இல். பெயர் பிரதம். அதே இடத்தில் 2009-இல் குளோனிங் முறையில் பிறந்த முதல் எருமைக் கன்று சில நாளில் இறந்துபோனது. அவர்கள் விடவில்லை, அதே வருஷம் ஜூனில் கரிமா பிறந்தது. அதற்கடுத்த குளோன் கரிமா-2, 2013-இல் தானே ஒரு கன்று ஈன்றது.

உறைவிந்தின் கதையையும் தெரிந்துகொள். லண்டன் ஆய்வகத்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் கூட்டாளிகளும் விந்தணுவைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைத்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு புட்டியிலிருந்து எடுத்த கரைசலில் மட்டும் விந்தணுக்கள் உருக்கிய பிறகும் நீந்தின. புட்டியின் லேபிள் மாறியிருந்தது, உள்ளே இருந்தது கிளிசரால். 1949-இல் வெளியான அந்த முடிவுதான் இன்று எல்லா ஊசிக்காரர்களின் கேனிலும் இருக்கிறது. அவர்கள் அந்தப் புட்டியைக் கொட்டிவிடாமல் உள்ளே என்ன என்று சோதித்தார்களே, உனக்கு வேண்டியது அந்தக் குணம்.

வீட்டில் மாடு இல்லாதது ஒரு குறையே இல்லை. நுழைவுத்தேர்வு எழுதிக் கால்நடை மருத்துவம் சேரலாம், ஐந்தரை வருஷம். ஹெப்பாளில் கல்லூரி இருக்கிறது, நீ தினம் பஸ்ஸில் போய்வரலாம். அல்லது உயிரியல் பட்டம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வரலாம். ஆடுகோடியில் ஒரே சாலையில் இரண்டு மத்திய ஆராய்ச்சி நிலையங்கள் இந்தத் துறையில் வேலை செய்கின்றன. காட்டு விலங்கில் ஆசையென்றால் ஐதராபாத்தில் அதற்கான ஆய்வுக்கூடம் இருக்கிறது, அங்கே 2006-இல் செயற்கைக் கருவூட்டலில் ஒரு புள்ளிமான் குட்டி பிறந்தது. இந்தியாவில் மாட்டுக்குச் செயற்கைக் கருவூட்டல் தொடங்கியதே இங்கே பக்கத்தில்தான்: 1939-இல், மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில், டாக்டர் சம்பத்குமாரன் கையால். படிக்கப் போகும் முன்னால் ஒரு வாரம் ஏதாவது ஒரு கொட்டகையில் சாணி அள்ளிப் பார். அதன் பிறகும் ஆசை இருந்தால் எனக்கு எழுது.

“எங்கள் மாடு ஏழாம் மாதத்தில் கன்றை வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை என்று தம்பி கையால் எடுத்தான். ஒரு மாதமாக அவனுக்குச் சாயங்காலம் காய்ச்சல் வருகிறது, வியர்த்து விடுகிறது, இடுப்பு வலி. மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?” (ஒரு வாசகி, ஹோஸ்கோட்டை)

உங்களுக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன் அம்மா. மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

சம்பந்தம் இருக்கலாம். கடைசி மூன்று, நாலு மாதத்தில் கன்று வீசி, நஞ்சுக்கொடியும் தங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புருசெல்லா என்ற கிருமியை. வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் ஒழுக்கிலும் அது ஏராளமாக இருக்கும். வெறுங்கையில் சின்னக் கீறல் போதும், உள்ளே போய்விடும். காய்ச்சாத பாலிலும் வரும். மனிதர்களுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். டைபாய்டு, மலேரியா என்று சுற்றிக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் மாடு வைத்திருப்பதை நோயாளி சொல்லமாட்டார், டாக்டரும் கேட்கமாட்டார். தம்பியை அழைத்துப் போகும்போது முதல் வாக்கியமே “மாட்டு நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்தான், புருசெல்லாவுக்கு ரத்தம் பாருங்கள்” என்பதாக இருக்கட்டும். மாத்திரையை வாரக்கணக்கில் தொடர்ந்து சாப்பிடச் சொல்வார்கள், காய்ச்சல் நின்றதும் நிறுத்தக் கூடாது.

மாட்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எலகங்காவில் கால்நடைத் தொற்றுநோய்களுக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது, உங்கள் கால்நடை மருத்துவமனை மூலமாக மாதிரி அனுப்பலாம். முடிவு தெரியும்வரை அந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். வீசிய கன்றை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், நின்ற இடத்தைக் கழுவ வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தக் கொட்டகைப் பக்கமே வர வேண்டாம்.

கிடேரிக் கன்று வைத்திருக்கிறவர்கள் எல்லாரும்: நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு தடுப்பூசி, ஆயுளுக்கும் அது போதும். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. எட்டு மாதம் தாண்டினால் வாய்ப்பு போய்விடும், அதனால் கன்று பிறந்த தேதியை அந்த நாள்காட்டித் தாளிலேயே எழுதிவையுங்கள். தம்பியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள் அம்மா.